ரோமாபுரியில் நான் தொலையவே இல்லை

காலையில் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கைபேசி டிங்கென்றது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தால், "பழைய டீலர் நண்பர்கள்" வாட்ஸ்அப் குழுவில் அரியலூர் கலியபெருமாள் அண்ணன் ஒரு போட்டோ போட்டிருக்கிறார். ரோம் நகரத்தில் அந்தப் பெரிய வட்டக் கட்டடத்துக்கு முன்னால், கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு, எங்கள் பக்கத்து உரக்கடைக்காரர்கள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே எழுதியிருந்தார்: "மறக்க முடியாத நாட்கள். நம்ம பெரம்பலூர் அக்கா ரோமில் வைத்த வெங்காய சாம்பாரை மறக்க முடியுமா? அக்கா தொலைந்துபோய் எங்களை அலற விட்டதையும்தான்!" அதற்கடியில் ஆளாளுக்குச் சிரிக்கிற மூஞ்சிகள்.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். கையிலிருந்த வெங்காயத்தைச் சுவரில் எறிந்தேன். நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை. மகன் இருந்திருந்தால், "பிரஷர் மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டிருப்பான். இந்த வயதில் ஒரு பொம்பளைக்குக் கோபம் வந்தால் அதற்கு மாத்திரை மட்டும்தான் காரணமாக இருக்க முடியும் போல.

அந்தப் போட்டோவில் நான் இல்லை. எப்படி இருப்பேன்? அது எடுக்கப்பட்ட நேரத்தில் ஓட்டல் குளியலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, இதே வெங்காயத்தைத்தான் உரித்துக்கொண்டிருந்தேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு உரம், விதை, பூச்சிமருந்துக் கடை. லைசென்ஸ் என் பேரில். என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளி வாத்தியார், அவர் பேரில் வியாபாரம் செய்யக் கூடாது. "பேருக்கு நீ இரு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றுதான் ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டார், ஒரு வருஷம். அப்புறம் டியூஷன், தேர்தல் வேலை, பரீட்சைப் பேப்பர் என்று அவர் நழுவ, கடை என் தலையில் விழுந்தது. விழுந்ததை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேப்பந்தட்டைப் பக்கம் மானாவாரிக்கு எந்தப் பருத்தி விதை, குரும்பலூரில் மக்காச்சோளத்துக்கு என்ன அடியுரம் என்பதெல்லாம் பூச்சிமருந்து வாடையில் சோறு தின்று நான் கற்றுக்கொண்டது. ஆனால் கடைப்படி ஏறுகிற ஒவ்வொருத்தரும் முதலில் கேட்பது, "சார் இல்லீங்களா?" என்னவென்று என்னிடம் சொல்லுங்கள் என்றால், "இல்லீங்க, சார் வரட்டும்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். சார் வந்து என்னிடம் கேட்டு அவர்களுக்குச் சொல்வார்.

ரெண்டாயிரத்து ஐந்து வாக்கில் என்று நினைவு. அப்போதெல்லாம் நன்றாக விற்றுக் கொடுத்த கடைக்காரர்களை விதைக் கம்பெனிகள் வெளிநாட்டு டூர் கூட்டிப் போகும். அந்த வருஷம் ஒரு கம்பெனியின் பருத்தி விதை எங்கள் பக்கத்திலேயே என் கடையில்தான் அதிகம் போனது. கம்பெனி மேனேஜர் கடைக்கு வந்து பாராட்டிக் கை குலுக்கினார். யார் கையை? என் வீட்டுக்காரர் கையை! வெளிநாடு போக அவருக்குக் கவர்மென்ட் அனுமதி வாங்க வேண்டும், அதற்குள் டூரே முடிந்துவிடும். அதனால்தான், "சரி, நீயே போயிட்டு வா" என்றார். என் டிக்கெட்டை எனக்கே விட்டுக்கொடுத்த பெருந்தன்மை.

ரோமில் ரெண்டு நாள். முதல் நாள் பஸ்ஸில் சுற்றிக் காட்டுவார்கள், ரெண்டாவது நாள் அவரவர் இஷ்டம் என்றார்கள். எனக்கு அந்த ரெண்டாவது நாள்தான் வேண்டும். கோபுரமும் கோட்டையும் எனக்குப் பெரிதில்லை. நடக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்கள் தெருவில் ஒரு பொம்பளை வாசலைத் தாண்டினால் கேட்பார்கள்: "எங்க கிளம்பிட்டீங்க?" வளையல்கடைக்காரம்மா கேட்கும், டீக்கடைக்காரர் கேட்பார், கீரை விற்கிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள். கோயிலுக்கு, ரேஷனுக்கு, பிள்ளைக்கு மருந்து வாங்க என்று ஒரு பதில் கையில் இல்லாமல் கால் எடுத்து வைக்க முடியாது. யாரும் கேட்காத ஒரு தெருவில், எதற்கும் இல்லாமல், ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

கிளம்புகிற வாரம் கலியபெருமாள் அண்ணன் போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, அரிசி, பருப்பு, ரைஸ் குக்கர்லாம் நான் எடுத்துக்கறேன். நீங்க ரெண்டு கிலோ சின்ன வெங்காயம் மட்டும் கொண்டாந்துடுங்க. பெரம்பலூர் வெங்காயம் மாதிரி வருமா?" எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல காய்ந்த வெங்காயமாகப் பொறுக்கி, துணிப்பையில் கட்டி, பட்டுப்புடவைக்குக் கீழே வைத்தேன். கொண்டு வந்தவள்தான் உரிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாள் பஸ் ஜன்னல் வழியாகவே போனது. ரொட்டியைப் பார்த்தாலே ஆண்களுக்கு முகம் கோணியது. ரெண்டாவது நாள் காலையில் கதவைத் தட்டினார்கள். கலியபெருமாள் அண்ணன் குக்கரைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"அக்கா, ரெண்டு நாளா நாக்கு செத்துப்போச்சு. ஒரு சாம்பார், சோறு, முடிஞ்சா ஒரு ரசம். நாங்க ஒரு சுத்து சுத்திட்டுப் பன்னெண்டு மணிக்கு வந்துடறோம். சாப்ட்டுட்டு எல்லாரும் சேந்து போவோம்."

"நானும் நடக்கணும்னு இருந்தேன்ண்ணே."

"சாயங்காலம் ஜம்முனு போவோம்க்கா. உங்கள விட்டுட்டா போவோம்?"

விட்டுவிட்டுத்தான் போனார்கள். ஒருத்தர் மட்டும் வாசலில் நின்றார். லப்பைக்குடிக்காட்டில் விதைக்கடை வைத்திருந்த ஜமால் பாய். சவுதியில் பல வருஷம் டிரைவராக இருந்து திரும்பியவர். குளியலறையையும் வெங்காயப் பையையும் பார்த்தார். "இதுக்கா தங்கச்சி இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இவருக்கென்ன, பழமும் பாலும் போதும் என்கிற மனுஷன், சொல்லிவிட்டுப் போகிறார் என்று அவர் மேலேயே எரிச்சல் வந்தது.

கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் குக்கர் பிளக் போகும் ஓட்டை இருந்தது. ஒரே குக்கர். சோற்றை வடித்துத் தட்டில் கொட்டி மூடி, அதைக் கழுவிப் பருப்பு, அப்புறம் சாம்பார். அறை துடைக்க வந்த பெண் பெருங்காய வாசனையில் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னவோ கத்தினாள். நான் வெங்காயத்தைத் தூக்கிக் காட்டி, சாரி சாரி என்றேன். என் முகம் முழுக்கக் கண்ணீர் வழிந்தது. அழுகிறேன் என்று நினைத்துப் பாவம் அவளே ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள். ஜன்னலுக்குக் கீழே ரோமாபுரி நடந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் ரெண்டரைக்கு வந்தார்கள். அது என்ன தீனி! வழித்துத் தின்றார்கள். "அக்கா, அமிர்தம்" என்றார் எங்களைக் கூட்டி வந்த கம்பெனி மேனேஜர். எனக்கு மிஞ்சியது குக்கர் அடியில் ஒட்டிய தீசல். சரி, கிளம்புவோமா என்றேன். கலியபெருமாள் அண்ணன் கட்டிலில் காலை நீட்டி, "கண்ண சொக்குதுக்கா, செத்த நேரம்" என்றார். தூங்கிவிட்டார்கள்! ரோமாபுரியில், பட்டப்பகலில், என் சாம்பாரைத் தின்றுவிட்டு!

ஒரு குறட்டை கேட்டது பாருங்கள், அதோடு என் பொறுமை போயிற்று. குக்கரைக் கழுவாமல் அப்படியே குளியலறையில் போட்டேன். கீழே ஜமால் பாய் உட்கார்ந்திருந்தார். "நடந்துட்டு ஏழு மணிக்குள்ள வந்துடறேன் பாய்" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஓட்டல் விலாசம் போட்ட அட்டையை மட்டும் கொடுத்து, "பையில வச்சிக்குங்க" என்றார்.

நான் அன்றைக்கு எங்கே போனேன், என்ன பார்த்தேன் என்று இதுவரை ஒரு ஜீவன் என்னைக் கேட்டதில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன். ஓட்டல் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில். ஸ்டேஷனை முதுகுக்குப் பின்னால் விட்டு இறங்கினால் ஒரே சரிவான சாலை. இடப்பக்கம் உயரமான மணிக்கூண்டோடு ஒரு மாதா கோயில், தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். சாலை முடிகிற இடத்தில் உடைந்த தூண்கள். அங்கே இடப்பக்கம் திரும்பினால் அந்த வட்டக் கட்டடம். இதில் தொலைய என்ன இருக்கிறது? எங்கள் ஊர்ச் சந்தைக்குள் இதைவிடச் சிக்கலான வழிகள் உண்டு.

ஒரு முக்கில் இரும்புத் தூண் ஒன்று இடுப்புயரத்துக்கு நின்றது. அதன் மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பிடிக்க ஒரு ஆள் இல்லை. எங்களூரில் நகராட்சித் தண்ணீர் வருகிற அன்றைக்குக் குடத்தோடு மல்லுக்கு நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்? பதறிப்போய்க் குனிந்து மூடப் பார்த்தேன். மூடுவதற்குத் திருகே இல்லை. முன்னால் தடவினேன், பின்னால் தடவினேன். நாயோடு வந்த ஒரு பெரியவர் நான் தடவி முடிக்கும்வரை காத்திருந்து, குடித்துவிட்டு, நாய்க்கும் காட்டிவிட்டுப் போனார். வயிறெரிந்தது எனக்கு. அப்புறம் ரெண்டு கையையும் அதன் கீழே நீட்டி, தரைக்கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வெங்காய வாடை போகவில்லை. தண்ணீர் நல்ல ஜில்லென்று இருந்தது, வயிறு முட்டக் குடித்தேன்.

கொஞ்ச தூரத்தில் படிக்கட்டு. என் வயதுப் பெண் ஒருத்தி ஒரு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தனியாக, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் உட்கார்ந்தேன். என்னையும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, என் கல்யாணத்தன்றும் இல்லை.

சொன்னபடி ஏழுக்கு முன்னால் திரும்பினேன். வெயில் இன்னும் சுள்ளென்று அடிக்கிறது. ஓட்டல் வாசலில் ஒரே கூட்டம். தூங்கி எழுந்தவர்கள் டீ வேண்டும் என்று என்னைத் தேடியிருக்கிறார்கள். டீ! ஆளைக் காணோம். "சொல்லிட்டுத்தான் போயிருக்கு, வந்துடும்" என்று ஜமால் பாய் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. மேனேஜர் நேராகப் பெரம்பலூருக்கே போன் போட்டுவிட்டார். அங்கே அப்போது ராத்திரி மணி பத்து. ராத்திரி பத்து மணிக்கு வாத்தியார் பொண்டாட்டியைக் காணோம்!

"எங்கக்கா போனீங்க? எங்க உசுரே போயிடுச்சு!" என்று கத்தினார் கலியபெருமாள் அண்ணன்.

நான் என் காலில் நடந்து எதிரே வந்து நிற்கிறேன். மேனேஜர் மறுபடி போனில், "சார், கண்டுபிடிச்சுட்டோம் சார். வழி தவறிட்டாங்க" என்கிறார், என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே. போன் என் கைக்கு வந்தது.

"எங்க போன?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சும்மா நடந்துட்டு வந்தேங்க."

"சும்மாவா?"

போனை வைத்துவிட்டார். ஊர் திரும்பினால் கூடம் நிறைய ஆட்கள். "பாஷை தெரியாத ஊரு, பாவம், தொலைஞ்சு போயிடுச்சு" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் சண்டை போட்டேன். "நான் தொலையலைங்க. வழி தெரிஞ்சுதான் போனேன், தெரிஞ்சுதான் வந்தேன்."

"எனக்குத் தெரியாதா? ஊருக்கு என்ன சொல்லச் சொல்ற? பொண்டாட்டி ரோம்ல சும்மா சுத்திட்டு வந்தாள்னு சொல்ல முடியுமா? தொலைஞ்சு போயிட்டாள்னே இருக்கட்டும். அதுதான் மரியாதை."

அந்த மரியாதையைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். செத்தவரைக் குறை சொல்லாதே என்பார்கள், நான் சொல்வேன். என் பிள்ளைகளுக்கும் அதுதான் கதை: அம்மா ரோமில் தொலைந்த கதை.

இன்றைக்குக் குழுவில் நான் எழுதிவிட்டேன். ஸ்டேஷன், சரிவு, மாதா கோயில், தூண்கள், திருகில்லாத குழாய், எல்லாம். "நான் தொலையவில்லை. நீங்கள் தூங்கினீர்கள்" என்று முடித்தேன். எல்லாரும் பார்த்ததாக நீல டிக் விழுந்தது. ஒரு கட்டைவிரல் வந்தது. அப்புறம் கலியபெருமாள் அண்ணன்: "சூப்பர் அக்கா. அந்த சாம்பாருக்குப் பொடி எவ்வளவு போட்டீங்க?"

ஆமாம் தங்கச்சி, சொல்லிட்டுத்தான் போனீங்க என்று அந்தக் குழுவில் எழுதக்கூடியவர் ஒருத்தர்தான். ஜமால் பாய் மவுத்தாகி நாலைந்து வருஷம் ஆகிறது.

சாம்பாரை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன். வீட்டிலிருந்து பழைய கடை இருந்த இடம்வரை நடந்தேன். முழங்கால் விண்ணென்றது. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். வளையல்கடை இல்லை, டீக்கடை இல்லை, கீரைக்கூடை இல்லை. எதிரே வந்தவர்கள் எல்லாரும் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். சும்மாதான் நடக்கறேன், என்ன இப்ப என்று வாய் நுனியில் பதிலை வைத்துக்கொண்டு நான் அந்தத் தெரு முழுக்க நடந்தேன், கேட்பதற்கு ஒருத்தி இல்லை.