பாலனுக்குக் கிடைக்காத கிண்ணம்

குளிர் தொடங்கியதும் என் மனைவி தேங்காயெண்ணெய்ப் போத்தலை வெப்பமூட்டியின் மேல் தூக்கி வைத்துவிடுவாள். உறைந்தது மெல்ல இளகி, மணம் வீடு முழுக்கப் பரவும். அந்த மணத்துக்கு உங்களுக்கு ஆச்சியின் கூந்தலோ அடுக்களையோ ஞாபகம் வரலாம். எனக்கு வருவது பேஸ்போல் கையுறை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பேஸ்போல் குழு இருந்தது. எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், பள்ளிக்கூடம் அழவில்லை. வடக்கே மீன் தொழிற்சாலையில் கொட் மீனுக்குத் தலை வெட்டிக்கொண்டிருந்தவன் நான். ஒஸ்லோவுக்கு வந்து, ஒரு வாளியும் ஒரு தும்புத்தடியுமாகத் தொடங்கி, சொந்தத் துப்புரவு நிறுவனம் வைத்தேன். என்னுடைய ஆட்கள் துடைக்காத கண்ணாடியில் இந்த நகரத்துப் பெரிய மனிதர்கள் யாரும் அந்நாளில் முகம் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஒரு குழு இருந்தால் என்ன?

யோசனை பாலனுடையது. பாலன் படித்தவன், பொறியியலாளன், நல்லாகப் பந்து எறிவான். "அண்ணை, எல்லே அடிச்ச எங்களுக்கு இது என்ன பெரிய விளையாட்டே?" என்றான். எல்லே தெரியும்தானே? ஊரில் சித்திரை வருடப் பிறப்புக்கு மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை விளாசிவிட்டு வட்டமாக ஓடுவது. அதற்கு அண்ணன் முறைதான் பேஸ்போல் என்று நானும் நம்பினேன். சட்டை, மட்டை, கையுறை எல்லாம் வந்து இறங்கின. தோலுக்கு எண்ணெய் பூச வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்த எண்ணெய் ஒன்றுதானே? தாராளமாகப் பூசினோம். ஏப்ரல் மாதக் குளிரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து, கையுறை பலகை மாதிரி விறைத்துப் போய்விட்டது. வந்த பந்தெல்லாம் அதில் பட்டுத் துள்ளி, எதிராளியின் காலடிக்கே திரும்பிப் போனது.

முதல் ஆட்டத்துக்குப் போனபோதுதான் பார்த்தேன், பாலன் எதிர்ப்பக்கச் சட்டையில் நிற்கிறான். எங்களில் நல்லாக எறிகிற இன்னும் இரண்டு பேரும் அவன் பக்கத்தில். ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு தொலைபேசி எடுக்கவில்லை. என் வாகனத்தில் ஏறிப் பழகப் போனவர்கள், என் மனைவி சுட்ட ரோல்ஸைத் தின்றவர்கள்.

அன்று இன்னொரு கூத்தும் நடந்தது. எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து பட்டுவிட்டால் அவன் அவுட். எங்கள் ஆள் ஒருவன் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்த நோர்வேக்காரனின் முதுகில் ஓங்கி எறிந்தான். "அவுட்! அவுட்!" என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துத் துள்ளினோம். பேஸ்போலில் அப்படியொரு அவுட் கிடையாது. உருண்ட பந்தை எடுக்க ஆளில்லை. முதுகைத் தடவிக்கொண்டே அவன் ஓடி முடித்தான். அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள். பாலன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதை நான் வெளியே விடுவதாக இல்லை.

அந்தப் பருவம் முழுக்கத் தோல்வி. வெயிலில் தோற்றோம், காற்றில் தோற்றோம். மழையில் மட்டும் ஒருமுறை வென்றோம்.

அதை வென்று தந்தவன் தேவன். வடக்கே என்னோடு ஒரே அறையில் படுத்து, ஒரே மேசையில் மீன் வெட்டியவன். ஒஸ்லோவில் பேருந்து ஓட்டினான். குண்டன். அதுவரை மட்டையால் காற்றை மட்டுமே அடித்திருந்தான். ஏரிக்கரைக் குழுவோடு ஆட்டம். கொட்டுகிற மழையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விளாசு விளாசினான். பந்து பேர்ச் மரங்களுக்கு மேலால் போனது. பிறகு அதை யாரும் காணவில்லை. தேவன் ஓடி வந்து சேற்றில் மல்லாக்க விழுந்து, "அண்ணை, பாத்தியளோ? பாத்தியளோ?" என்று கத்தினான். அதன் பிறகு அவனுடைய பேருந்தில் ஏறிய தமிழர் எவரும் அந்தக் கதையைக் கேட்காமல் இறங்கியதில்லை.

கோடை முடிகிற நேரம். ரொம்மனில் ஒரு சாமத்தியவீடு, பெட்டை ஒருத்தி பெரியவளானதற்கு எடுத்த விழா. மண்டபம் நிறைந்த சனம். பாலன் ஒலிவாங்கியைப் பிடித்தான். அவனுடைய குழு எல்லா ஆட்டமும் முடித்து முதலிடத்தில் நின்றது.

"எங்கடை அண்ணைக்குத்தான் முதல் நன்றி. அவரின்ரை குழுவாலைதான் எங்களுக்குப் புள்ளி. அண்ணை, ஒருக்காலும் குழுவைக் கலைச்சுப்போடாதேங்கோ!"

சனம் சிரித்தது. பெட்டையின் தாய்மாமன் சோறு புரையேறும்வரை சிரித்தான். நானும் பல்லைக் காட்டினேன். ஆனால் மூளை ஓடத் தொடங்கிவிட்டது. கலைத்தால் என்ன நடக்கும்?

மறுநாள் தொடரை நடத்துகிற நோர்வேப் பெண்ணிடம் கேட்டேன். ஒரு குழு நடுவில் விலகினால் அது ஆடிய ஆட்டமெல்லாம் ஆடாததாகிவிடும் என்றாள். பாலனின் குழு எங்களை இரண்டு தரம் வென்றிருந்தது, இரண்டும் போகும். அவர்களைவிட ஒரு வெற்றி குறைவாக, இரண்டாமிடத்தில் நின்றது ஏரிக்கரைக் குழு. அவர்கள் எங்களை வென்றதே இல்லை. தேவனிடம் தோற்ற தோல்விதான் போகும். கடைசி ஆட்டம் ஒன்று எங்களோடு பாக்கி. அதை ஆடி அவர்கள் வென்றாலும் சமன்தான். சமனானால், நேருக்கு நேர் ஆட்டத்தில் வென்றிருந்ததால் வெற்றிக்கிண்ணம் பாலனுக்கு. ஆடாமல் நாங்கள் விலகினால் ஏரிக்கரைக்கு.

எப்படியோ மணம் பிடித்துத் தேவன் வந்துவிட்டான். பேருந்துச் சீருடை, கதவடியிலேயே நின்றான்.

"ஆட்டம் எல்லாம் அழியுமாம், உண்மையோ அண்ணை?"

"ஓம். பாலன்ரை இரண்டும் அழியும்."

"என்ரையும் அழியுமே?"

"நீ அடிச்சதை ஆரடா அழிக்கிறது? நாங்கள் பாத்தனாங்கள்தானே."

"எங்களுக்கெண்டு கிடக்கிறது அது ஒண்டுதான். அதைக் குடுத்தோ அவனைக் கொத்தப் போறியள்?"

"மண்டபத்திலை அவன் சிரிச்சது உனக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது," என்றான் தேவன். "ஆனால் நான் அடிச்சனான் அண்ணை."

போய்விட்டான். நான் தொலைபேசியை எடுத்தேன்.

அடுத்த கிழமை தமிழ்க்கடையில், மரவள்ளிக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் பாலன் என்னை மறித்தான். முகம் பழுத்த மிளகாய். கிண்ணம் வரைந்த மார்சிப்பான் கேக் வேறு சொல்லி வைத்திருந்தார்களாம்.

"இது மனுசர் செய்யிற வேலையே அண்ணை?"

"கலைக்காதேங்கோ எண்டு நீ சொன்னனி. எனக்கு ஆரும் கட்டளை போட்டால் காது கேளாது தம்பி. கேக் மிஞ்சினால் கொஞ்சம் அனுப்பிவிடு."

அந்த நிமிடத்தின் ருசி! எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன், அதற்கு ஈடில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையே செய்வேன்.

நாங்கள் ஆடிய புல்வெளியில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பேர்ச் மரங்களைத் தறித்துவிட்டார்கள். அந்தக் குழு பிறகு கூடவில்லை. பெடியள் குடும்பகாரராகி பேர்கன், துரொண்ட்ஹெய்ம் என்று சிதறிவிட்டார்கள்.

போன கோடையில் ஒரு கலியாணவீட்டில் தேவனோடு ஒரே மேசையில் இருந்தேன். அவனுடைய மகள் இங்கே பிறந்தவள், இப்போது தாதி. அடுத்த மேசையில் தலை வழுக்கையாகிப் பாலன். அவன் காதில் விழட்டும் என்றே நான் சத்தமாகத் தொடங்கினேன்: மழை, மட்டை, மரத்துக்கு மேலால் போன பந்து. நாலைந்து மேசை திரும்பிப் பார்த்தது.

மகள் குறுக்கிட்டாள். "மாமா, நான் இன்ரநெற்றிலை தேடிப் பாத்தனான். அந்த வருசம் உங்கடை குழுவின்ரை பேரே இல்லை. பப்பா உண்மையாய் அடிச்சவரோ?"

"அடிச்சவர் பிள்ளை! நான் சாட்சி. தேவன், நீயே சொல்லு."

தேவன் என்னைப் பார்த்தான். பிறகு பாலன் இருந்த பக்கம் பார்த்தான். அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டான்.

"மாமா பகிடி விடுறார். நாங்கள் அப்பிடி ஒரு விளையாட்டும் விளையாடேல்லை. சோறு ஆறுது, நீ சாப்பிடு."