படியிறங்கினால் கூப்பிடுவார்கள்

வண்ணாரப்பேட்டையில் முதல் கடையிலேயே புடவை எடுப்பவளை எங்கள் பக்கத்தில் ஆள் என்றே மதிக்க மாட்டார்கள். முதல் கடை விலை கேட்க மட்டும்தான். கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கி, விரித்த துணியை விரித்தபடி விட்டுவிட்டுப் படியிறங்க வேண்டும். அவசரப்படவும் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. கடைசிப் படியில் கால் வைக்கும்போது உள்ளேயிருந்து குரல் வரும். "யக்கா, வாக்கா, நீதான் ஒரு வெல சொல்லேன்." கூப்பிடவில்லையென்றால் பக்கத்துக் கடை. அங்கேயும் இல்லையென்றால் அதற்கடுத்த கடை. எந்தக் கடையிலும் சொன்ன விலையை நான் கொடுத்ததில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

என் வீட்டுக்காரர் கடைக்குள் வர மாட்டார். பையைப் பிடித்துக்கொண்டு வெளியே வெயிலில் நிற்பார். நான் வெறுங்கையோடு படியிறங்குவதைப் பார்த்தால் கடைக்காரனைவிட அவருக்குத்தான் பதற்றம்.

"இன்னாமே, கூப்ட்டானா?"

"கூப்பிடுவான். சும்மா நில்லுய்யா."

கூப்பிட்டுவிடுவான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே வருவார். "அவன் வயித்தெரிச்சல் உன்ன சும்மா வுடாதுமே" என்பார். விளையாட்டுக்குத்தான்.

அவர் டிரெய்லர் ஓட்டினார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகிற வண்டி. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை நகராமல் நிற்கும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, நிலக்கரித் தூசியையும் முன்னால் நிற்கிற வண்டியின் புகையையும் சேர்த்துக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தாலும் அதே காற்றுதான். வீடும் எண்ணூரில்தானே. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் சாயங்காலம் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு சாம்பல். முதலில் இருமல் வந்தது. அப்புறம் இழுப்பு. அப்புறம் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார ஆரம்பித்தார். வண்டி ஓட்டுவது நின்றது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னார். "மருந்து குடுக்கறேன். ஆனா அந்தக் காத்துல இருந்துகிட்டு மருந்து சாப்பிட்டுப் பிரயோஜனம் இல்லம்மா. சீக்கிரம் வேற இடத்துக்குப் போயிடுங்க. போனது போச்சு, மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்திக்கலாம்."

வெளியே வந்ததும் இவர் சொன்னார்: "அவுருக்கு இன்னாமே, வூடு அண்ணா நகர்ல கீது. காத்த மாத்துங்கிறாரு, சட்டய மாத்துற மாறி." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் வீடு தேடினேன். பெரம்பூர் தாண்டி ஒரு மாடிவீடு லீசுக்கு வந்தது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு வாடகை கிடையாது, காலி பண்ணும்போது பணம் திரும்ப வந்துவிடும். ஒரு சம்பளத்தில் வாடகையும் மருந்தும் தாங்காது என்பதால்தான் லீசு. மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். கொடியில் வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளையாகவே இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்போது ஆடி பிறந்திருந்தது. "ஆடியில யாரும் குடி வர மாட்டாங்க. ஆவணி பொறந்ததும் பணத்தோட வாங்க, அதுவரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். நல்ல மனுஷி.

சீட்டெடுத்த பணமும் என் கம்மலும் வளையலும் போக நாலு லட்சம் குறைந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கில் பில் போடுகிற வேலை எனக்கு. சம்பளம் பேங்கில் விழுகிறது. ஆகவே கடன் கேட்க வேண்டியது நான்தான். வண்டி ஓட்டாத டிரைவருக்கு எவன் கொடுப்பான்?

கிடங்கில் என் பக்கத்து நாற்காலிப் பெண் விவரமானவள். "முதல்ல உங்க ஸ்கோர் என்னன்னு பாத்துக்கங்கக்கா, பேங்க்ல அதப் பாத்துதான் கடன் குடுப்பாங்க. நீங்க இதுவரைக்கும் வாங்குன கடன், கட்டுன தவணை எல்லாம் ரிப்போர்ட்டா வரும். ஃபோன்லயே பாக்கலாம், காசு கெடையாது" என்றாள். பார்த்திருப்பேன். அன்றைக்குச் சாயங்காலம் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி தடுத்துவிட்டாள். அவள் ஸ்கூட்டர் கடன் கேட்டுக் கிடைக்காதவள். "ஐயோ, பாக்காதமே. பாக்கப் பாக்கக் கொறையுமாம். என்னுத என் தம்பி பாத்துப் பாத்துதான் கொறஞ்சி பூட்ச்சி." கண் பட்டால் குறையும் என்பது எங்களுக்கு நம்பக் கஷ்டமான விஷயமா? நான் பார்க்கவில்லை. என் கண்ணே பட்டுவிடக்கூடாது என்று ஃபோனைத் திறக்காமல் வைத்திருந்தேன்.

முதலில் போனது ராயபுரத்தில் ஒரு பேங்க். இவரும் கூட வந்தார். வழக்கம்போல உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த பையோடு வெளியே நின்றார். மேனேஜர் என் பான் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினார். ஃபோனுக்கு வந்த நம்பரைக் கேட்டார், சொன்னேன். "உங்க ஸ்கோர் நல்லா இருக்கும்மா. பைக் லோன் ஒண்ணு இருந்திருக்கு, ஒரு தவணை கூடத் தவறல. நாலு லட்சம் கிடைச்சிடும். வட்டி பதினாலு" என்றார்.

"கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்."

அவர் சிரித்தார். "நான் போடறது இல்லம்மா, கம்ப்யூட்டர் போடறது."

துணிக்கடைக்காரன்கூட இதைத்தான் சொல்வான், 'மொதலாளி போட்ட வெலக்கா, நான் இன்னா பண்றது' என்று. எனக்குத் தெரியாத வேஷமா? அதுவும் ஆடி மாசம். ஊரே தள்ளுபடி போட்டு மைக்கில் கத்திக் கூப்பிடுகிற மாசத்தில் இவர் மட்டும் ஒரே விலை என்கிறார். "யோசிச்சிட்டு வர்றேன் சார்" என்று எழுந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன். படியில் இன்னும் மெதுவாக. திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னாமே, குடுக்கறானா?"

"குடுக்கறான். வட்டி ஜாஸ்தி."

"குடுக்கறான்ல? வாங்கிக்கினு போலாம் வாமே. இன்னாத்துக்கு பேஜாரு."

"நீ சும்மா இருய்யா. கூப்பிடுவான்."

அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். நானும் ஓரக்கண்ணால் பார்த்தேன். வாட்ச்மேன்தான் வந்தார். வண்டி நிற்கிற இடத்தில் நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, அடுத்த கடை. திருவொற்றியூரில் ஒன்று, வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ பக்கத்தில் ஒன்று, பாரிமுனையில் இரண்டு. எல்லா இடத்திலும் பான் கார்டு, ஃபோனுக்கு வருகிற நம்பர். ஒருவன் பதினைந்து என்றான். ஒருவன் பதினாறும் சர்வீஸ் சார்ஜும் என்றான். ஒரு ஏஜென்ட் ஃபோனிலேயே பேசினான். "நீங்க அலையாதீங்கக்கா, நானே எல்லா இடத்துலயும் போட்டு, எது கம்மியோ அத வாங்கித் தரேன்." இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று வாய்நிறைய வாழ்த்தினேன். அவன் கேட்கக் கேட்க நம்பர் சொன்னேன். அதற்கப்புறம் விலையே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். 'தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை' என்று ஃபோனுக்கு ஒரு வரி. மறுநாள் இன்னொரு இடத்திலிருந்து அதே வரி. ஒரு இடத்தில் இல்லையென்றதும் பயத்தில் இன்னும் இரண்டு இடத்தில் கேட்டேன். அங்கேயும் இல்லை.

ஆவணி பிறக்க நாலைந்து நாள்தான் பாக்கி. மானத்தை விட்டு ராயபுரத்துக்கே திரும்பிப் போனேன். படியிறங்கின கடைக்குள் கூப்பிடாமல் திரும்ப ஏறுவது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. பதினாலுக்கே கொடுங்கள், பதினைந்துக்கும் சம்மதம் என்று சொல்லத் தயாராகத்தான் போனேன். மேனேஜர் லீவு. அவருடைய இடத்தில் ஒரு சின்னப் பெண் அதிகாரி. பொறுமையான பெண். தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"இவ்வளவு இடத்துல ஏன் மேடம் கேட்டீங்க?"

"எங்க கம்மின்னு பாக்க வேணாமா?"

அவள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதுதான் என் ரிப்போர்ட். மேலே பைக் கடன், எல்லாத் தவணையும் ஒழுங்கு. ஒரு பழைய நகைக்கடன், மீட்டாயிற்று. அதற்குக் கீழே நான் விலை கேட்ட கடைகள். அந்த ஏஜென்ட் போட்டதெல்லாம் சேர்த்து, நான் பேர்கூடக் கேள்விப்படாத இடங்கள். ஒரே மாசத்தில். அவள் விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போனாள். நீங்கள் கேட்கிற ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பார்கள், அப்படிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஸ்கோர் கொஞ்சம் இறங்கும், இத்தனை பேர் பார்த்திருந்தால் இந்தம்மா பணத்துக்குத் தவிக்கிறாள், கொடுத்தால் வராது என்றுதான் அடுத்தவர் நினைப்பார் என்றாள்.

"பாத்தா கொறையும்னுதானே நான் பாக்கவே இல்ல?"

"நீங்களே உங்களுது பாத்தா ஒண்ணும் குறையாது மேடம். மத்தவங்க பாத்தாதான். நடுவுல ஒரு தடவை பாத்திருந்தீங்கன்னாகூட ஸ்கோர் இறங்கறது தெரிஞ்சிருக்கும். அப்பவே இங்க வாங்கியிருக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "கொஞ்ச மாசம் எங்கயும் கேக்காம இருங்க. தானா ஏறிடும்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வாங்கின கடனைக் கட்டாதவளுக்கு இந்தக் கதி என்றால் சரி. நான் வாங்கவே இல்லையே? விலை கேட்டது ஒரு குற்றமா? கொலை பண்ணினேனா, கொள்ளையடித்தேனா? நாலு இடத்தில் கேட்டு வாங்குகிறவளைத்தான் எங்கள் தெருவில் கெட்டிக்காரி என்பார்கள். அவளுக்குப் பணத்தருமை தெரியும் என்று நம்பிப் பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள். இங்கே அவளைப் பிச்சைக்காரி என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் கத்தினேன். பாவம், அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

இவர் வெளியே பூட்டியிருந்த ஒரு கடையின் வாசலில் உட்கார்ந்திருந்தார். நிற்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "டீ சாப்டலாமா?" என்றார்.

வட்டிக்கு விடுகிற ஆட்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்கள் கேட்கிற வட்டிக்கு என் சம்பளம் முழுசும் போய்விடும், பெரம்பூரில் நல்ல காற்றைச் சுவாசித்துக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டியதுதான். வீட்டுக்கார அம்மா ஆவணி பிறந்தும் ஒரு வாரம் காத்திருந்தார். அப்புறம் அவரே ஃபோன் பண்ணி, வேறு ஆள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "உங்களுக்குத் தரணும்னுதான் நெனச்சேன்மா" என்றார். அந்த வெள்ளை வேட்டி இரண்டு நாள் கண்ணிலேயே நின்றது.

நான் யாரிடமும் கேட்காமல் இருந்தேன். அவர் மூச்சு காத்திருக்கவில்லை. மார்கழியில் பனியும் புகையும் கலந்து தெருமுனை தெரியாமல் இறங்குகிற நாட்களில் அவருக்குப் படுத்தால் மூச்சு வரவில்லை. சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கினார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, பொங்கல் கழித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆக்சிஜன் மெஷினோடு இருக்க வேண்டும் என்று சொல்லி. டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், இப்போது வேறு இடம் பார்த்தால் என்ன என்று. "இனி எங்க இருந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காதும்மா" என்றார்.

மெஷினை மாச வாடகைக்குத் தருகிற கடை ராயபுரத்தில் இருந்தது. கடைக்காரர் வாடகை சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன். அவரே கொஞ்சம் திகைத்து, "வேணும்னா நூறு ரூபா கொறைச்சிக்கலாம்கா" என்றார். வேண்டாம் என்றேன்.

மெஷின் கட்டில் பக்கத்தில் நாள் பூராவும் உர்ரென்று ஓடும். கரண்ட் பில்லை நினைத்தால் பகீர் என்கிறது. மாசி பிறந்து ஒரு மத்தியானம், ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. குழைகிற குரல், சின்னப் பெண். ராயபுரத்தில் நான் போன அதே பேங்க். மேடம், உங்கள் ஸ்கோர் ரொம்ப நன்றாக இருக்கிறது, உங்களுக்கென்றே நாலரை லட்சம் வரைக்கும் கடன் தயாராக இருக்கிறது, காகிதம்கூட வேண்டாம், வட்டியும் பன்னிரண்டரைதான், ஒரு சரி சொன்னால் போதும் என்றது. நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மேடம், மேடம் என்று அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

இவர் மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் விலக்கினார்.

"யார்மே?"

"பேங்க்லேர்ந்து. லோன் தராங்களாம். வட்டி கொறைச்சி."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் அந்தப் பழைய சிரிப்பு, உதட்டோரத்தில் கொஞ்சம்.

"கூப்ட்டானா?"

"கூப்ட்டான்யா" என்றேன். "குழாய மாட்டு. பேசாத."