கடல் இல்லாத நாட்டுக்காரர்

ஆக்லாந்தில் ஒரு கடற்கரை. தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிக் கிடக்கிறது. ஈர மணலின் நடுவே பாய் விரித்து, நானும் என் நண்பனின் பக்கத்து வீட்டுக்காரர் பிஷ்ணுவும் பூரி சாப்பிடுகிறோம். பிஷ்ணு நேபாளத்துக்காரர். எதிரே தீவாக நிற்கும் எரிமலையைக் காட்டி, "இதற்குப் பெயர் மலையா?" என்று ஆங்கிலத்தில் சிரிக்கிறார். அவர் நாட்டில் இந்த உயரத்தில் நெல் விளையுமாம். அடிவாரத்தில் வேர்க்குமாம், உச்சியில் பனி உருகவே உருகாதாம்.

"கடல் ஒன்றுதான் எங்களுக்கு இல்லை" என்கிறார்.

நான் சென்னைக்காரன். கடலைப் பற்றி அவருக்கு விளக்க ஆரம்பிக்கிறேன். பாதிப் பேச்சில் பாய் நனைகிறது.

"ஐயோ, என் செருப்பு!"

என் தமிழைக் கேட்டு, கரையில் நாயோடு நிற்கும் யாழ்ப்பாணத்து அம்மா கத்துகிறார்: "தம்பி, எழும்பி ஓடி வாங்கோ! வத்தின தண்ணி ஏறுது!"

பூரிச் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, முழங்கால் நனையக் கரையேறுகிறோம்.

"நேபாளத்தில் ஏரி இருந்த இடத்திலேயே இருக்கும்" என்று பிஷ்ணு ஆங்கிலத்தில் அந்த அம்மாவிடம் முறையிடுகிறார்.

"பாவம், அவற்ற நாட்டில கடலே இல்லை" என்கிறார் அவர் என்னிடம். "நீங்கள் எந்த இடம், தம்பி?"

ஒற்றைச் செருப்போடு நிற்கிறேன்.

"நானும் நேபாளம்தாங்க அம்மா."