நான் கேட்டேன், அம்மன் 'இல்லை' என்றாள்

அம்மனின் பிள்ளைகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. என் பெயர் சரோஜா. கொஸ்லந்தைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை. எங்களுக்கு ஒரே மகள், நிரோஷா. அவளுக்குப் பதினைந்து வயதில் கை நடுங்கத் தொடங்கியது.

முதலில் தேத்தண்ணி சிந்தியது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. எழுத்து கோழி கிளறினதுபோல ஆனது. வயசுப் பிள்ளையின் சோம்பல் என்று நினைத்து நானும் திட்டினேன்.

அந்த வருடத் தேர்த் திருவிழாவில், தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே, அவள் உடம்பு முழுக்க உதறியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்த பிள்ளை. கழுத்து ஒரு பக்கம் திரும்பியது, வாய் கோணியது, அப்படியே விழுந்தாள். பக்கத்து லய வரிசை வீட்டுப் பூமணி அக்கா குலவை போட்டார்.

"ஆத்தா வந்துட்டா! புள்ள மேல ஆத்தா வந்துட்டா!"

நான் அவளைத் தூக்க ஓடினேன். அப்போது யாரோ குனிந்து என் காலைத் தொட்டார்கள். என் காலை! பிறந்ததிலிருந்து எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. நான் மகளைத் தூக்கவில்லை. கைகூப்பி நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், கூட்டம். ஹல்துமுல்லையிலிருந்தெல்லாம் குறி கேட்க வந்தார்கள். நிரோஷாவுக்கு நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. பாதிச் சொல்தான் வரும். மீதியை வந்தவர்களே சேர்த்துக்கொண்டு, பலித்தது என்றார்கள். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் பெண்கள் எனக்கு விலகி வழி விட்டார்கள். கங்காணிகூட "வாங்கம்மா" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு மஞ்சள் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். தட்டித் தடுமாறிச் சொன்னாள்.

"அம்மா, எனக்குச் சாமியெல்லாம் வரல. கைதான் நான் சொல்றதக் கேக்க மாட்டேங்குது."

"வாய மூடு. ஆத்தா காதுல விழுந்துறப் போகுது" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அதைச் சொல்லவே இல்லை. அவள் அப்பா போனில், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ சரோஜா" என்றார். சாமிக் குத்தம் ஆகிவிடும் என்று அவர் வாயையும் அடைத்தேன்.

பிள்ளை மெலிந்தாள். கால் வீங்கியது. கண் மஞ்சளானது. அதையும் அம்மனின் மஞ்சள் என்றார்கள். கஞ்சியை விழுங்க முடியாமல் புரையேறித் தவித்தாள். நான் தினமும் செப்புச் செம்பில் தீர்த்தம் வைத்துக் கொடுத்தேன். செம்பில் ஊறிய தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நம்பினேன்.

ஒரு வியாழக்கிழமை மழையோடு மலையிலிருந்து இறங்கினேன். கூடையைக்கூட இறக்காமல் கோயில் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"தாயே, அவ ஒடம்புல இருக்கிறது நீதானா? நீயா இருந்தா ஏன் எம்புள்ள இப்படித் தேயுறா? நீ இல்லன்னா சொல்லிரு. எம் மானம் போனாலும் பரவால்ல, சொல்லிரு."

அதுவரை அம்மனிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். பதிலுக்குப் பயந்துகொண்டு கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரகலையிலிருந்து தர்ஷினி என்று ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளையில்லை, அதைக் கேட்க வந்தவள். பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று பிறகுதான் தெரிந்தது. நிரோஷாவின் முன்னால் உட்கார்ந்தவள் தன் குறையைக் கேட்கவே இல்லை. கைலேஞ்சியை எடுத்துப் பிள்ளையின் வாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தாள்.

"தங்கச்சி, முழுங்க எவ்வளவு நாளா கஷ்டமா இருக்கு?"

அத்தனை பேர் வந்தார்கள். அவளைப் பற்றி அவளிடமே கேட்டவர் யாருமில்லை. நிரோஷா தேம்பித் தேம்பி அழுதாள்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது சாமி இல்ல, வருத்தம், ஒடம்புக்குள்ள இருக்கிற நோய். இதே மாதிரி ஒருத்தர எங்க வார்ட்ல பாத்திருக்கேன். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

"சாமியப் பழிக்காத! எந்திரிச்சுப் போ!" என்று பூமணி அக்கா கத்தினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'வெளியே போ' என்று என் வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் கோயில் கதவில் அழுதது நினைவுக்கு வந்தது. நேற்று நான் கேட்டேன். இன்று பதில் வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. 'உன் பிள்ளை உடம்பில் இருப்பது நான் இல்லை' என்று தாயே சொல்கிறாள்.

மஞ்சள் சேலையை அவிழ்த்தேன். பிள்ளைக்குச் சுவெட்டர் மாட்டி, திரீவீல் ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

பதுளையில் டொக்டர் அம்மா அவள் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். கருவிழி ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் இருந்ததாம். இரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் முழுவதும் போன சிறுநீரைச் சேர்த்துச் சோதித்தார்கள். டொக்டர் சிங்களத்தில் சொல்ல, தர்ஷினி எனக்குத் தமிழில் சொன்னாள். நாம் சாப்பிடும் சாப்பாட்டில் எல்லாம் கொஞ்சம் செம்பு உண்டு. மிஞ்சினதை ஈரல் வெளியே தள்ளிவிடும். இவளுடைய ஈரலுக்கு அது முடியவில்லை. சேர்ந்து சேர்ந்து ஈரலைக் கெடுத்து, மூளைக்கும் போய்விட்டது.

"நான் செம்புல தண்ணி குடுத்தேனே, அதாலயா?"

"அதால வந்தது இல்லக்கா, பொறக்கும்போதே உள்ள கோளாறு. ஆனா இனி அந்தச் செம்பு வேணாம். நீங்களும் வீட்டுக்காரரும் சொந்தமா?"

"மாமன் மகன்."

"ரெண்டு பேருகிட்ட இருந்தும் வந்திருக்கு. யாரு குத்தமும் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆனா முந்தியே வந்திருக்கலாம்னு டொக்டர் சொல்றாங்க."

நோய் வந்தது என் குற்றமில்லை. பிந்தியது என் குற்றம். அதை எந்த டொக்டராலும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

மருந்து தொடங்கியதும் நடுக்கம் இன்னும் கூடியது. அப்படி ஆகலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "தாயே, எனக்குக் குடுக்க வேண்டிய தண்டனைய அவளுக்குக் குடுக்காத" என்று கெஞ்சினேன். மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது. ஒரு காலையில் புரையேறாமல் ஒரு கோப்பைக் கஞ்சி குடித்தாள். நான் வார்ட்டு வாசலுக்குப் போய், கோயில் எந்தத் திசை என்று தெரியாமலே விழுந்து கும்பிட்டேன்.

இப்போது இரண்டு வருடமாகிறது. வெறும் வயிற்றில் மாத்திரை, உயிருள்ள வரைக்கும். செம்பு கூடுதலாக உள்ள ஈரல், கூனி இறால், சொக்லேட் எதுவும் கிடையாது. அவளே பொத்தான் போடுகிறாள், தலை சீவுகிறாள். பேச்சு நிதானம்தான். வலது கை இன்னும் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம், கைகூப்பி நின்ற என்னை நானே பார்க்கிறேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னேன்ல?" என்றாள். அவ்வளவுதான்.

கோயிலில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. தர்ஷினிக்கு இன்னும் பிள்ளையில்லை. அவளுக்காகத் தினமும் விளக்கு ஏற்றுகிறேன். நீங்களும் அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மனை நம்புங்கள். மனசில் உள்ளதை அவளிடம் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத பதில் வந்தாலும் அதை வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை முடியவில்லை என்று சொன்னால் முதல் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தாய் கோபித்துக்கொள்வாள் என்று பயப்படாதீர்கள். இவ்வளவு செய்த என்மேலேயே அவள் கோபிக்கவில்லை.