போனில் வந்த தேர்

விக்கிரவாண்டி பக்கம் கேபிள் டிவி நடத்துகிறேன். எல்லோரும் போனிலேயே டிவி பார்க்கத் தொடங்கி இணைப்பை விட்டுவிட்டதால், நானும் எங்கள் மாதா கோயில் தேர்பவனியை ஆன்லைனில் நேரலையாகக் காட்ட ஆரம்பித்தேன்.

முதல் வருடம், அந்தி நேரம். கேமராவோடு தேருக்கு முன்னால் நடந்தேன். எங்கள் தெருவில் ஈ காக்கா இல்லை. ஆனால் தேரில் பாடி முடித்த பாட்டையே ஒவ்வொரு வீடும் உள்ளிருந்து மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. கனவில் நடப்பது போலிருந்தது.

என் வீடும் சாத்தியிருந்தது. கைக்குழந்தையை மாதா காலடியில் வைப்பதாக என் மனைவி ரீட்டா வேண்டியிருந்தாள். கேமராவை விடாமலே ஜன்னலைத் தட்டினேன்.

"ரீட்டா, தேரு வாசலுக்கு வந்துடுச்சி."

"போன்ல இன்னும் ரேஷன் கடைகிட்டதான் வந்துக்கினு இருக்கு. நீங்க வேலையப் பாருங்க."

நேரலைப் படம் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச்சேரும் என்று நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவள் குழந்தையோடு வெளியே வந்தபோது தேர் முனை திரும்பிவிட்டது. அவள் கையிலிருந்த போனில் அப்போதுதான் தேர் எங்கள் வாசலுக்கு வந்தது. கதவு சாத்தியிருந்தது.

வேண்டுதல் அடுத்த வருடம்தான் நிறைவேறியது. இப்போதெல்லாம் தேர் எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்பே நேரலையை நிறுத்திவிடுகிறேன். துபாயிலிருந்து பார்ப்பவர்கள் திட்டுகிறார்கள். தெருவில் நிற்க இடமில்லை.