புள்ளிகளுக்குப் பின்னால் இருந்த பாஸ்வேர்டு

முகையூரில் அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தபோது தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தயாராக இருந்தது. நெட் மட்டும் இல்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். விழுப்புரத்தில் ஒரு கடைக்காகக் கேபிள் இழுக்கப் போய்க் கம்ப்யூட்டர் வேலையும் பழகிக்கொண்டேன். மனிதர்களிடம் பேசத்தான் இன்றும் கூச்சம்.

பெண் ஸ்டெல்லா. மாப்பிள்ளை துபாயில். "மூஞ்சியப் பாத்துப் பேசாம சரின்னு சொல்ல முடியாது" என்று அவள் பிடிவாதம். "போட்டோ பாத்தாச்சு இல்ல? தட்ட மாத்திக்கலாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா அவசரம். துபாயில் மாப்பிள்ளையின் சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் முகம் லேப்டாப்பில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தட்டு மாறிவிடும்.

லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் இருந்தது லினக்ஸ். வைஃபை, பக்கத்து வீட்டு வாத்தியாருடையது. சிக்னல் நிறைய இருந்தது, பாஸ்வேர்டு கேட்டது. மதிலோரம் போனேன்.

"சார், பாஸ்வேர்டு?"

"சொல்லமாட்டேன்."

தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டேன். ஸ்டெல்லாவின் அம்மா ஆரோக்கியமேரி சண்டைக்குக் கிளம்பினார்.

"இன்னா சார், போட்டுக்கங்கன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப பேஜாரு பண்றீங்களே!"

"அட, பாஸ்வேர்டே ‘சொல்லமாட்டேன்’தாம்மா! இங்கிலீஷ் எழுத்துல போடணும். கேக்கறவன் மூஞ்சி போற போக்கைப் பாக்கத்தான் வெச்சேன்."

எழுத்தெழுத்தாகச் சொன்னார். அடித்தேன். தவறு என்றது. மறுபடியும் தவறு.

"வாத்தியாருக்கே ஸ்பெல்லிங் வரல போல" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எனக்குக் கேக்குதுங்க!" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

அடிப்பதெல்லாம் திரையில் கறுப்புப் புள்ளிகளாகவே விழுந்தன. புள்ளிக்குப் பின்னால் என்ன விழுகிறதோ என்று சந்தேகம் வந்தது. கடிதம் எழுதும் பக்கத்தைத் திறந்து அதே பாஸ்வேர்டை அங்கே அடித்தேன். ‘இடதத’ என்று தமிழில் ஓடியது.

ஸ்டெல்லா நாக்கைக் கடித்தாள். "கோயில் மலருக்குத் தமிழ்ல டைப் பண்ணிக்கினு இருந்தேண்ணா. மாத்தாம உட்டுட்டேன்."

கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். இணைந்தது. மாப்பிள்ளை சோற்றுக் கையோடு திரையில் தெரிந்தார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "என்னப் புடிச்சிருக்கா?" என்றார்.

ஸ்டெல்லா மதில் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லமாட்டேன்."

வீடே சிரித்தது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. "நெட்டு கட்டாயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று தட்டு மாறவில்லை. இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் பேசிப் பார்த்துத்தான் அவள் சம்மதித்தாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாஸ்வேர்டு தவறு என்று வந்தால் ரூட்டரைக் கழற்றாதீர்கள், வைஃபை கார்டைத் திட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

கல்யாணத்தன்று பந்தலில் வாத்தியாரைப் பார்த்தேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டதாகச் சொன்னார். கூச்சத்தை விட்டு, "என்னாங்க சார்?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன்."

"எப்பங்க சார் சொன்னீங்க?"

என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, அவர் திருப்தியாகப் பந்திக்குப் போனார்.