நெற்றித் தழும்பின் சாட்சி

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நானாக விரும்பிச் சேர்ந்த ஒரே படிப்பு, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி. மனைவிக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. தெர்மாமீட்டரைக்கூட நான் தலைகீழாகப் பிடிக்கிறேன் என்பது அவள் புகார்.

பயிற்சியில் பாதி நேரம் வார்டில் நிற்க வேண்டும் என்பதால் தடுப்பூசிச் சான்றுகளைக் கேட்டார்கள். சின்னம்மைக்கு என்னிடம் காகிதம் இல்லை. ஆறு வயதில் எனக்கு அம்மை போட்டது என்று வீட்டில் சொல்வார்கள். அம்மன் வந்திருக்கும் வீட்டுக்கு அந்தக் காலத்தில் டாக்டரைக் கூப்பிடுவதில்லை. பிறகு சீட்டு எங்கிருந்து வரும்? புருவத்துக்கு மேலிருக்கும் பள்ளத்தைக் காட்டினேன்.

“தழும்பெல்லாம் செல்லாது அங்கிள்,” என்றாள் நர்ஸ், திருநெல்வேலிப் பெண். “கையை நீட்டுங்க, பிளட் எடுத்துப் பார்த்துருவோம்.”

அந்த வாரம்தான் மயூர் விஹாரில் எங்கள் கீழ் வீட்டுக் கதவில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. குழந்தைக்கு அம்மை, அப்பா வெளியூரில். படியேறுகிற எல்லாரும் அந்தத் தளத்தில் மட்டும் வேகமெடுத்தார்கள். நான் நின்றேன்.

“வேண்டாம்ணா, மேல அண்ணி இருக்காங்க,” என்றாள் குழந்தையின் அம்மா.

“எனக்குச் சின்ன வயசுலேயே வந்துட்டுப் போயிட்டாம்மா. ஒரே ஆளைத் தேடி ரெண்டு தடவை வர அவளுக்கு வேற வேலை இல்லையா?”

நல்ல நகைச்சுவை என்று எனக்கே பட்டது. தினமும் இளநீர் கொண்டுபோனேன். கட்டிலருகே உட்கார்ந்து சீட்டாடினேன். ஜெயித்த சந்தோஷத்தில் குழந்தை என் முகத்துக்கு நேரே இருமியது. மேலே வந்து கையைக் கழுவிக்கொண்டு மனைவிக்குக் கஞ்சி ஊட்டினேன். அவளுக்கு அம்மை வந்ததே இல்லை.

ரிப்போர்ட் வந்தது. “உங்க ரத்தத்துல அம்மைக்கு எதிர்ப்பே இல்ல அங்கிள். அக்கம்பக்கத்துல யாருக்காச்சும் இருக்கா?”

சொன்னேன். நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள்.

“ஆன்ட்டிக்குக் கீமோன்னு சொன்னீங்கல்ல?”

“கையெல்லாம் கழுவிட்டுத்தான்மா...”

“அது காத்துலயே பரவும் அங்கிள். உங்களுக்கு வந்தா அரிப்போட போயிரும். ஆன்ட்டிய அப்படி விடாது.”

எனக்கு அம்மைத் தடுப்பூசியை உடனே போட்டாள். மனைவியின் டாக்டருக்கும் அவளே போன் செய்தாள். மைத்துனி வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் லோதி ரோட்டில், ஊருக்குப் போயிருக்கும் நண்பரின் காலிக் குவார்ட்டர்ஸுக்கு மாறினேன். நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் என் முதல் பாடம், நோயாளியின் பக்கம் போகாமல் இருப்பது.

தினமும் காலையில் மனைவி போனில் கேட்பாள்: “என்னங்க, அம்மன் வந்துட்டாளா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப அந்தத் தழும்பு?”

“எங்கேயாவது முட்டிக்கிட்டிருப்பேன்.”

“அந்த மண்டைய நம்பித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்.”

இன்று காலை கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. இங்கே கொசு ஜாஸ்தி, அதுதான் என்று அவளிடம் சொன்னேன்.

“அச்சா. என் கையிலயும் ராத்திரியிலேர்ந்து ஒண்ணு இருக்கு. நானும் கொசுன்னுதான் நினைச்சேன்.”

ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு நடந்து போகும் சத்தம் கேட்டது.